ஹிமேஜிக்கு லைக் போட்டீர்களே, செஞ்சிக்கு எப்போது?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஏப்ரலில் மகன் வீட்டுக்கு ஒசாகா போயிருந்தபோது, ஹிமேஜி கோட்டை முன்னால் நின்று எடுத்த படத்தை இங்கே போட்டேன். இருநூறுக்கும் மேல் லைக் வந்தது. நான் எழுதிய எந்தப் பதிவுக்கும் அவ்வளவு வந்ததில்லை. அதன் கீழே என் பழைய மாணவன் ஒருவன் (பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும்) இப்படி எழுதியிருந்தான்: "டீச்சர், இதுவே நம்ம ஊரா இருந்தா எப்பவோ இடிச்சு பிளாட் போட்டு வித்திருப்பானுங்க." அதற்குக் கீழே சிரிப்பு பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. நானும் போய் ஒரு இதயம் போட்டுவிட்டு வந்தேன். அந்த இதயத்தை இன்று திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஜப்பானைப் பற்றியே பேசுவோம். இடித்து விற்கும் வேலையை அவர்கள் நமக்கு முன்னாலேயே செய்து முடித்தவர்கள். 1873-இல் மெய்ஜி அரசு, கோட்டைகள் இனித் தேவையில்லை என்று ஓர் உத்தரவு போட்டது. பல கோட்டைகளைப் பிரித்து மரத்தையும் ஓட்டையும் விற்றார்கள். மிச்சத்தில் பலவற்றை இரண்டாம் உலகப் போர் எரித்தது. நாகோயா கோட்டை 1945 குண்டுவீச்சில் எரிந்தது. ஹிரோஷிமா கோட்டை எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோட்டையின் நடுவில் உயர்ந்து நிற்கும் அந்த மாடமாளிகை, பழைய மரக் கட்டடமாகவே மிஞ்சியிருப்பது நாடு முழுக்க 12 இடங்களில்தான்.

நீங்கள் எல்லோரும் "சூப்பர் டீச்சர்" என்று எழுதிய இன்னொரு படம், ஒசாகா கோட்டை. அது 1931-இல் கட்டிய கான்கிரீட் கட்டடம்! உள்ளே லிஃப்ட் இருக்கிறது. நான் லிஃப்டில்தான் போனேன். பழைய மாளிகை 1665-இல் இடி விழுந்து எரிந்து, அந்த இடம் இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேல் வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஊர்மக்கள் பணம் கொடுத்துத்தான் இப்போதுள்ள கட்டடம் எழுந்தது. ஒசாகாக்காரர்களைக் குறை சொல்லவில்லை. நாம் வாய் பிளந்து பார்க்கும் 'பழங்கோட்டை' நம் மாமனார் காலத்துக் கட்டடம் என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள் என்கிறேன்.

ஹிமேஜி அப்படியில்லை. அது அசல். 1609-இல் முடித்த மரக் கட்டடம், 1993-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னம். வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். படிக்கட்டு நம் பழைய வீட்டுப் பரண் ஏணி மாதிரி செங்குத்து. என் வயதுக்காரப் பெண்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்க அம்பு விடவும் துப்பாக்கி நீட்டவும் வட்டம், முக்கோணம், சதுரம் என்று துளைகள். கீழ் வாசலிலிருந்து மாளிகைக்கு நேர்வழியே கிடையாது. பாதை வளைந்து வளைந்து, சில இடத்தில் மாளிகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுகூடப் போகிறது. எதிரியைக் குழப்பிச் சுற்றவிட்டு மேலிருந்து அடிக்கிற கணக்கு.

அந்த வளைவில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குச் செஞ்சி ஞாபகம் வந்தது. வந்ததும் வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் செஞ்சிக்கு நான் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை.

அந்த ஒரு முறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1996. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வேனில் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போன சுற்றுலா. வழியில் செஞ்சியில் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். கல்யாண மகாலுக்குள் நான்கைந்து பையன்கள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கவராயத்தை எடுத்துச் சுவரில் பெயரைக் கீறிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். "நேரமாச்சு, வேன்ல ஏறுங்கடா" என்று சத்தம் போட்டேன். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலை எண்ணுவதில்தான் என் கவனம். அந்தப் பையன்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். இந்தப் பதிவைச் சிலர் படிப்பார்கள்.

அதற்கு முன்னும் பின்னும் நான் கையெழுத்துப் போட்ட சுற்றுலாக் கடிதங்கள் எல்லாம் ராட்டினத்துக்கும் தண்ணீர்ச் சறுக்கலுக்கும்தான். பிள்ளைகள் கேட்டார்கள், பெற்றோருக்கும் சம்மதம், எங்களுக்கும் வேலை சுலபம். சமூக அறிவியல் எடுத்தவள் நான். தேசிங்கு ராஜாவை ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவள். ஆகவே "நம்ம ஆளுங்களுக்கு அருமை தெரியாது" என்று யாராவது சொன்னால், அந்த ஆளுங்களில் நானும் ஒருத்தி.

இந்தத் தை மாதம் தங்கை குடும்பத்தோடு திரும்பவும் போனேன். இங்கிருந்து திண்டிவனம் போய், திருவண்ணாமலை ரோட்டில் திரும்பினால் செஞ்சி. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய. ஒசாகா போக எனக்கு ஒரு பகலும் ஒரு இரவும் ஆயிற்று.

போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்து ஓடும் மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ராஜகிரி மட்டும் 800 அடி உயரம். மலையே பாதிக் கோட்டை. யாரோ மேலிருந்து கொட்டிவிட்ட மாதிரி பாறைகள் குவிந்து கிடக்கின்றன. பாறை இல்லாத இடத்தை மட்டும் மதிலால் அடைத்திருக்கிறார்கள். வாசலுக்கு மேல் வாசல். உச்சிக்குப் பக்கத்தில் இயற்கையாகவே ஒரு பெரிய பிளவு, அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது, படையே வந்தாலும் மேலே போக முடியாது. ஹிமேஜியில் மனிதன் வளைத்து வளைத்துக் கட்டியதைச் செஞ்சியில் பாதி மலை செய்து கொடுத்துவிட்டது. கீழே களஞ்சியம், குளங்கள், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, அடுக்கடுக்காய் உயர்ந்து கூம்பாய் முடியும் கல்யாண மகால். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தான் பார்த்த நகரங்களில் இதுவே பெரியது, போர்த்துகலில் லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடில்லை என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செஞ்சி, நமக்குத் திருவண்ணாமலை போகிற வழியில் டீ குடிக்கிற ஊர்.

நான் கமலக்கண்ணியம்மன் கோயில் வரைதான் ஏறினேன். அதற்கு மேல் முட்டி ஒத்துழைக்கவில்லை. தங்கை பேத்தி உச்சி வரை போய்விட்டு வந்து, "பெரிம்மா பாட்டி, மேல பெரிய பீரங்கி இருக்கு, நீ வரல" என்று என்னைக் கேலி செய்தாள்.

இறங்கி வந்து கல்யாண மகாலுக்குள் போனேன். சுவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. இதய வடிவம், அம்பு, பெயர், வருடம். 1996 இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை, அதன் மேல் எத்தனையோ பேர் கீறிவிட்டார்கள்.

இப்போது சொந்தக்காரர்களுக்கு. 2025 ஜூலையில் செஞ்சி, யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அன்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டை மறந்திருக்காது. 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் மகாராஷ்டிராவின் 11 கோட்டைகளோடு செஞ்சியையும் சேர்த்து மொத்தம் 12 கோட்டைகளை அறிவித்தார்கள். உடனே அம்பத்தூர் தம்பி "நம்ம கோட்டைக்கு அவன் பேரா?" என்று குதித்தான். பூந்தமல்லி அண்ணன் "சிவாஜி இல்லேன்னா செஞ்சியே இல்ல" என்று பதிலுக்குக் குதித்தார். மூன்று நாள் ஓடியது. அண்ணன் குழுவை விட்டே போய்விட்டார், இன்னும் திரும்பி வரவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தம்பி, சிவாஜி 1677-இல் செஞ்சியைப் பிடித்ததும், அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கி மொகலாயப் படையை ஏழு வருடத்துக்கும் மேல் தாக்குப்பிடித்ததும் உண்மை. 1698-இல்தான் கோட்டை விழுந்தது. அந்த வருடங்களில் மராத்திய அரசுக்குத் தலைநகரே நம் செஞ்சிதான், நீ பெருமைப்பட வேண்டிய விஷயம். அண்ணா, சிவாஜிக்குப் பல நூற்றாண்டு முன்பே கோனார்கள் அங்கே கோட்டை எழுப்பியதாகத்தான் வரலாறு. நாயக்கர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். பிறகு பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், மொகலாயர், 1714-இல் ஆற்காடு நவாபை எதிர்த்துச் செத்த புந்தேல ராஜபுத்திர இளைஞன் தேசிங்கு, 1750-இல் பிரெஞ்சுக்காரன், 1761-இல் ஆங்கிலேயன். இதில் யாருடைய கோட்டை என்று எதை வைத்துப் பிரிப்பீர்கள்? எம்.ஜி.ஆர். தேசிங்காக நடித்த படம் 1960-இல் வந்தது, அதைப் பார்த்தே நம் வீட்டில் பாதிப் பேர் தேசிங்கைத் தமிழன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! பூந்தமல்லி வழியாக ராணிப்பேட்டைக்கு பஸ் போகிறதே, அந்த ராணி தேசிங்கின் மனைவிதான் என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

எனக்குக் கோபம் பெயரைப் பற்றியது இல்லை. மூன்று நாள் சண்டை போட்ட இரண்டு பேரும் செஞ்சிக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை. தம்பியிடம் நேரில் கேட்டேன். "பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்க்கா" என்றான்.

"கழிப்பறை சரியில்லை, நிழல் இல்லை, குரங்கு பையைப் பிடுங்குது, வெயில்ல யாரு ஏறுவா?" என்பீர்கள். உண்மை. குரங்கு என் தங்கையின் தேங்காய் சாதத்தைத் தூக்கிக்கொண்டே போய்விட்டது. வசதிகள் இன்னும் நிறைய வரவேண்டும், அதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் யார் கேட்பது? போகிறவன்தான் கேட்க முடியும். பத்து பேர் போகிற இடத்தில் எந்த ஊரிலும் வசதி முதலில் வராது.

ஜப்பானில் என்னை அசைத்தது கட்டடத்தை விட ஒரு சின்ன மேஜை. அங்கே கோட்டைச் சங்கம் ஒன்று 2006-இல் நாடு முழுக்க 100 கோட்டைகளைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட்டது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். கையேட்டில் குத்திக்கொண்டே ஊர் ஊராகப் போகிறார்கள். ஹிமேஜியில் ஒரு வயதான தம்பதி, ஸ்டாம்பை மையில் ஒற்றி, கோணாமல் குத்தி, ஊதி ஊதிக் காயவைத்தார்கள். அந்தப் பட்டியலில் பல இடங்களில் மாளிகையே கிடையாது, வெறும் கல்மதிலும் மேடும்தான். அதற்கும் போகிறார்கள். 2016 நிலநடுக்கத்தில் குமமோட்டோ கோட்டையின் மதில் சரிந்தபோது, விழுந்த கற்களுக்கு எண் போட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிற வேலையைத் தொடங்கினார்கள். மாளிகையை 2021-இல் திறந்துவிட்டார்கள், முழு வேலை முடிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குப் பத்தாயிரம் யென் கொடுக்கிற எவரையும் 'கோட்டைத் தலைவர்' என்று பதிவு செய்துகொள்கிறார்கள். போய்ப் போய்ப் பழகிய இடம், அதனால் கொடுக்கிறார்கள்.

நம்மிடம் என்ன குறைச்சல்? அகழியில் தண்ணீர் நிற்கும் வேலூர்க் கோட்டை, 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் எழுந்த இடம். டச்சுக்காரன் கட்டிய சதுரங்கப்பட்டினம், 1620-இல் டேனிஷ்காரன் எழுப்பிய தரங்கம்பாடி, திருமயம், நாமக்கல், திண்டுக்கல். ஏன், நம் டிப்போவிலிருந்து 26-ஆம் நம்பர் பஸ் ஏறி பாரிமுனையில் இறங்கினால் பக்கத்திலேயே புனித ஜார்ஜ் கோட்டை, உள்ளே அருங்காட்சியகம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்தூண்களோடு செல்ஃபி எடுத்திருப்பீர்கள். அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை.

பிளாட் போட்டு விற்றுவிடுவார்கள் என்று எழுதிய என் மாணவனுக்கு: விற்கவில்லை கண்ணா. செஞ்சி அங்கேயேதான் இருக்கிறது. நீ ஆவடியிலிருந்து அத்தனை தூரம் ஜப்பானுக்கு டிக்கெட் விலை விசாரித்தாய் என்று உன் மனைவி சொன்னாள். தாராளமாகப் போ, ஹிமேஜி பார்க்க வேண்டிய இடம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடு.

மாசி மூன்றாவது ஞாயிறு, காலை ஐந்து மணிக்கு ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ எதிரில் வேன் நிற்கும். வெயில் ஏறும் முன்னால் மலை ஏறிவிட வேண்டும், மதியத்துக்கு மேல் ராஜகிரியில் ஏற விடமாட்டார்கள். பன்னிரண்டு சீட்டில் ஐந்து நிரம்பிவிட்டது. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், நல்ல ஷூ, தொப்பி. சாப்பாட்டை மூடியுள்ள டப்பாவில் கொண்டு வாருங்கள், குரங்கு விஷயம் சொல்லிவிட்டேன். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அம்பத்தூர் தம்பிக்கும் பூந்தமல்லி அண்ணனுக்கும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டு போட்டு வைத்திருக்கிறேன். 1996 பையன்கள் வந்தால் வேன் காசு நான் தருகிறேன். கவராயம் மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.