பின்வரிசையில் நின்று குறிப்பெடுப்பவரின் தாள் எங்கே போகிறது?

ஏப்ரல் 14 அன்று ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ நாங்கள் கூட்டம் போட்டால், பந்தல்காரருக்கு அடுத்தபடியாக வந்து நிற்பவர் ஸ்பெஷல் பிராஞ்ச் ஏட்டுதான். யார் பேசுறாங்க, எந்த ஊர், எத்தனை பேர் வருவாங்க என்று கேட்பார். நாங்களும் சொல்வோம், டீயும் கொடுப்போம். அவர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை, அது அவர் வேலை. அவர் எழுதும் தாள் எங்கே போகிறது, அதைக் கேள்வி கேட்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை.

எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஒரு கல்லூரி மாணவன் வந்துகொண்டிருந்தான். அவனைப் பற்றி விசாரிக்க ஊருக்கு ஆள் போனது. காலனிக்குள் போகவில்லை. ஊர்த்தெரு டீக்கடையில் நின்று, "இந்தப் பையன் எப்படி, எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவன் அப்பா வேலை செய்யும் கோழிப்பண்ணை முதலாளிக்குச் சாயங்காலமே சேதி போய்விட்டது. "உன் பையன் என்னமோ போலீஸ் தேடுற அளவுக்குப் போயிட்டானாமே." அதற்குப் பிறகு அவன் வரவில்லை. வழக்கு இல்லை, கைது இல்லை, யாரும் மிரட்டவும் இல்லை. ஆனால் நம் பக்கத்து ஊர்களில் தலித் வீட்டைப் பற்றி ஆதிக்க சாதித் தெருவில் விசாரிப்பதே ஒரு தண்டனை. உளவு பார்ப்பது எல்லோருக்கும் அந்தரங்கப் பிரச்சினை. நமக்கு அது கூலிப் பிரச்சினையும்கூட.

சரி, தாள் எங்கே போகிறது? மாவட்டத்திலிருந்து சென்னைக்கு, அங்கிருந்து உளவுத்துறைத் தலைவர் வழியாக முதலமைச்சரின் காதுக்கு. காவல்துறையும் அவர் கையில்தான் இருக்கிறது. தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். 2018 மே மாதம் 13 பேர் கொல்லப்பட்ட துப்பாக்கிச்சூட்டைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அப்போதைய முதல்வர், நம் எடப்பாடித் தொகுதிக்காரர், சொன்னார். அது சரியல்ல, தலைமைச் செயலாளரும் டி.ஜி.பி.யும் உளவுத்துறை ஐ.ஜி.யும் உடனுக்குடன் தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது. அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். உளவுத்துறை என்ன சொன்னது, ஆட்சியாளர் என்ன செய்தார் என்று சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தெரியவர 13 உயிரும், ஒரு விசாரணை ஆணையமும், நான்கு ஆண்டுகளும் தேவைப்பட்டிருக்கின்றன.

மத்தியிலும் இதே கதைதான். ஐ.பி. 1887இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. இன்றுவரை அதற்கென நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் கிடையாது. 2011இல் மணீஷ் திவாரி, உளவு அமைப்புகளை நாடாளுமன்றக் கண்காணிப்பின்கீழ் கொண்டுவரத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போது அவர் ஆளுங்கட்சிக்காரர். அப்படியும் அது சட்டமாகவில்லை.

காவலுக்காகத்தானே இதெல்லாம் என்பார்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தேடப்பட்ட யுவராஜ் 100 நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அக்டோபரில் அவரேதான் வந்து சரணடைந்தார். நம் கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி போட்டோம் என்று தெரிந்த துறைக்கு, அந்த 100 நாளும் அந்த ஆள் எங்கே என்று தெரியவில்லை. ஏன் என்று கேட்க சட்டமன்றத்தில் ஒரு குழு கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் என்றுகூட எங்களுக்குச் சில நேரம் தோன்றுகிறது.

ரகசியத்தைச் சபையில் போட்டு உடைக்க முடியுமா என்று கேட்கும் நண்பர்களுக்கு: தகவல் கொடுப்பவர் பெயரை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1975இல் செனட்டர் பிராங்க் சர்ச் தலைமையில் ஒரு குழு எப்.பி.ஐ.யின் கோப்புகளைத் திறந்தது. மார்ட்டின் லூதர் கிங்கை ஒட்டுக்கேட்டதும், தற்கொலைக்குத் தூண்டுவதுபோல அவருக்கு மொட்டைக் கடிதம் அனுப்பியதும் அதில் அம்பலமானது. அடுத்த ஆண்டே செனட்டில் நிரந்தர உளவுக் கண்காணிப்புக் குழு வந்தது. அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கேட்கிற இடம் ஒன்று உருவானது, அவ்வளவுதான்.

இங்கே அப்படி ஒரு குழு வந்தால் அதில் யார் உட்காருவார்கள் என்ற பயமும் எங்களுக்கு உண்டு. டீக்கடையில் பதில் சொன்னவர்களின் சொந்தக்காரர்களே உறுப்பினரானால்? அதனால்தான் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பிடிக்கச் சொல்கிறோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 16. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி எம்.எல்.ஏ.க்கள் எல்லோரும் உறுப்பினர்கள். டி.ஜி.பி.யும் அதே குழுவில் இருக்கிறார். ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். விதி 3, வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை முன்கூட்டியே கண்டறியச் சொல்கிறது. உளவுத்தகவல் இல்லாமல் அதை எப்படிச் செய்வது? ஆக, உளவைப் பற்றி டி.ஜி.பி.யிடம் நேருக்கு நேர் கேட்கும் உரிமை நம் உறுப்பினர்களுக்குச் சட்டப்படியே இருக்கிறது. அந்தக் குழு பல ஆண்டுகள் கூடாமலே கிடந்தது, 2021 ஆகஸ்டில்தான் மறுபடி கூடியது என்பது வேறு வயிற்றெரிச்சல்.

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 5 தனித்தொகுதிகள்: கெங்கவல்லி, ஆத்தூர், ராசிபுரம், பழங்குடியினருக்கான ஏற்காடு, சேந்தமங்கலம். காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு இந்த ஐந்து அலுவலகங்களுக்கும் போகிறோம். கையில் நான்கு கேள்விகள். வழக்கே இல்லாத எத்தனை பேர் மீது கோப்பு இருக்கிறது? எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? யார் உத்தரவில் அதை மூடுவீர்கள்? ஒருவரைப் பற்றி அவர் ஊரில் விசாரிக்க எழுத்துப்பூர்வ விதிமுறை உண்டா?

கூடவே ஒரு ஆர்.டி.ஐ. மனுவும் போடுகிறோம். மாநில உளவுப்பிரிவுகளுக்கு அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் பிரிவு 24(4), ஊழல், மனித உரிமை மீறல் புகார் தொடர்பான தகவலை அந்த விலக்கிலிருந்து வெளியே வைக்கிறது. மனித உரிமை என்றால் மாநிலத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும். டீக்கடை விசாரணையை மனித உரிமை மீறல் என்றுதான் எழுதப்போகிறோம், மறுத்தால் மேல்முறையீடு.

முதலில் ராசிபுரம். மனு எழுதத் தெரிந்த சட்டக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் வந்தால் நன்றாக இருக்கும்.