பழைய காரைத் துடைக்காதீங்க!

பழைய காரைப் புதுசு மாதிரி வைத்துக்கொள்வது எப்படி என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இங்கே மும்பையில் பல பேருக்குப் பிடிப்பதில்லை. தினமும் துடைப்பதை நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

இந்த ஊர் சொசைட்டிகளில் விடியற்காலையிலேயே கார் துடைக்க ஒருவர் வந்துவிடுவார். ஒரு வாளி, ஒரு பழைய துணி, பத்துப் பன்னிரண்டு வண்டி. முதல் வண்டிக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஏழாவது வண்டிக்கு டீத்தண்ணி. சுற்றிலும் கட்டட வேலை நடப்பதால் ராத்திரி முழுக்க சிமெண்டும் மணலும் வண்டிமேல் இறங்கியிருக்கும். அதன்மேல் ஈரத்துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் அது துணி இல்லைங்க, உப்புத்தாள்!

கம்பெனியில் அடித்த பெயின்ட் மொத்தமே சுமார் 100 மைக்ரான்தான். பிரிண்டரில் போடுகிற ஒரு ஏ4 தாளின் கனம். பளபளப்பைத் தருகிற மேல்படலமான கிளியர் கோட் அதில் பாதிகூட இருக்காது. வெயிலில் நிறுத்திவிட்டு பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அதைப் போக்க வருஷா வருஷம் ரப்பிங் பாலிஷ் போடுகிறவர்கள், இருக்கிற கொஞ்சநஞ்சப் படலத்தையும் காசு கொடுத்துச் சுரண்டுகிறார்கள் என்பதுதான் நிஜம்.

அப்ப துடைக்கிறவரை நிறுத்திவிடுவதா? கூடாது. அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள், வேலையை மாற்றுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட வேண்டும். பிறகு ஷாம்பு தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. மைக்ரோஃபைபர் துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பாத்திரம் தேய்க்கிற திரவம் வேண்டாம், மெழுகு பாலிஷையும் சேர்த்து எடுத்துவிடும்.

ஆனால் பழைய வண்டிக்கு உண்மையான எதிரி கீறல் இல்லை, துரு. கடல் காற்றும் நாலு மாச மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கதவு உள்ளிருந்து அரிக்கும். மழைக்கு முன்னால் ஒரு பல்குத்தும் குச்சியால் அவற்றைக் குத்திவிடுங்கள். செலவு பூஜ்யம். பெயின்ட் கொப்புளித்திருந்தால் மேலே டச்-அப் அடித்து மறைக்காமல், துருவைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்த பிறகு பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். (நம்ம ஊர் டிங்கரிங்குக்கு இங்கே பெயர் டென்டிங்!) மஞ்சளித்த ஹெட்லைட்டுக்குப் பற்பசை தேய்ப்பது சில வாரக் கூத்து. நைசான உப்புத்தாளால் தேய்த்து, வெயில் தாங்கும் பூச்சு கொடுத்தால்தான் நிற்கும்.

"இந்தப் பழசுக்கு எதுக்கு சார் இவ்வளவு?" என்பார்கள். பி.காம். கணக்கு சொல்கிறேன். நாலு லட்சம் ரூபாய் வண்டிக்கு, குறைந்து செல் மதிப்பு முறையில் வருஷம் 15 சதவீதம் தேய்மானம் போட்டால், 15 வருஷத்தில் ஏட்டில் மிஞ்சுவது சுமார் 35,000. எக்ஸ்சேஞ்ச் மேளாக்காரரும் ஏறக்குறைய இந்த மனநிலையில்தான் பேசுவார். வண்டி விற்கிறவருக்குத்தான் அது 35,000. மே மாசம் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வருகிற நமக்கு அதற்குப் பதிலாக வாங்கும் புது வண்டியின் இ.எம்.ஐ.தான் விலை. கடன் கொடுக்கிற சீட்டில் உட்கார்ந்துகொண்டு இதை நானே சொல்கிறேன்!

15 வருஷம் முடிந்தால் ஆர்.டி.ஓ.வில் காட்டி இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அங்கே அரித்துப்போன வண்டியோடு போய் நிற்காதீர்கள். (டெல்லிக்காரர்கள் கதை வேறு. பழைய வண்டிக்கு அங்கே கோர்ட் உத்தரவுகளே தனி.)

கடைசியாக, கார் கவர். மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், காற்றில் ஆடி அடியிலிருக்கும் தூசியைத் தேய்க்கும். எங்கள் வீட்டில் அது மொட்டை மாடியில் வடகத்துக்கு அடியில் விரிப்பாக இருக்கிறது.