கை தட்ட ஆளில்லை!

அமெரிக்காவில் அலபாமா என்று ஒரு ராஜ்யம். அங்குள்ள சர்வகலாசாலையின் புட்பால் மைதானத்தில் சுமார் ஒரு லக்ஷம் பேர் உட்காரலாம். (புட்பால் என்றதும் நம்முடைய கால்பந்தை நினைத்துக் கொள்ள வேண்டாம். முட்டை வடிவமான ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு ஓடுவதற்கு அங்கே அந்தப் பெயர். காலுக்கு அதில் ஓடுகிற வேலைதான்.) அந்தச் சர்வகலாசாலைக் கோஷ்டி தேசத்திலேயே முதல் வரிசையைச் சேர்ந்தது. வெற்றி மேல் வெற்றி. இருந்தும் அதன் பயிற்சியாளராக இருந்த நிக் ஸேபனுக்கு ஒரு மனக்குறை. மாணவர்கள் ஆட்டம் முடிவதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று பகிரங்கமாகவே சொல்லி வருத்தப்பட்டார். 2019-ல் சர்வகலாசாலை ஒரு யுக்தி செய்தது. மாணவர்களின் கைத்தொலைபேசியில் ஒரு செயலி. மைதானத்துக்கு வந்தால் 100 புள்ளி. கடைசிக் கால் பாகம் வரை உட்கார்ந்திருந்தால் இன்னும் 250 புள்ளி. புள்ளி அதிகம் சேர்த்தவர்களுக்கு முக்கியமான பந்தயங்களின் டிக்கெட் முன்னதாகக் கிடைக்கும். ஆள் மைதானத்துக்குள் இருக்கிறாரா, நழுவிவிட்டாரா என்பதைத் தொலைபேசியே கணக்குப்பிள்ளை மாதிரி குறித்துக் கொள்ளும்.

இந்த யுக்தி நம் ஊரில் பலிக்காது. ஒரே பையன் பத்துத் தொலைபேசிகளை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு மைதானத்தில் உட்கார்ந்திருப்பான். பாக்கி ஒன்பது பேர் டீக்கடையில் இருப்பார்கள். 'பிராக்ஸி' கொடுப்பதில் அலபாமாக்காரர்களுக்கு நாம் பாடம் நடத்தலாம்.

ஆனால் அங்கே ஒரு லக்ஷத்தில் சில ஆயிரம் நாற்காலிகள் காலியாக இருப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். நம் சென்னையில் காலேஜ் மாட்ச் என்றால் நாற்காலியும் கிடையாது, அதில் உட்கார ஆளும் கிடையாது. இதைப் பற்றி யாராவது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சில வாரங்களுக்கு முன் ஒரு வேலையாகப் போனவன், வழியில் ஒரு மைதானத்தில் விசில் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்தேன். இரண்டு காலேஜ்களுக்கிடையே கால்பந்தாட்டம். ஆடுகிறவர்கள் 22 பேர். ரெபரியும் அவருடைய உதவியாளர்களும் மூன்று பேர். இரண்டு பிஸிகல் டைரக்டர்கள். பார்க்கிறவர்களை எண்ணினேன். என்னையும் சேர்த்து ஒன்பது. அதில் நாலு பேர் மாற்று ஆட்டக்காரர்கள். ஒருவர் தண்ணீர் கேன் கொண்டு வந்தவர். ஒரு நாயும் இருந்தது. அது மட்டும் ஆட்டத்தை உண்மையான அக்கறையுடன் கவனித்தது. இடைவேளைக்குப் பிறகு ஒல்லியான ஒரு பையன் மூன்று பேரை ஏமாற்றிக் கொண்டு போய் ஒரு கோல் போட்டான் பாருங்கள்! அடடா! பந்து வலைக்குள் போனதும் அவன் இரண்டு கையையும் விரித்துக் கொண்டு ஓரத்தை நோக்கி ஓடி வந்தான். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தானே ஓடி வருகிறார்கள்! ஓரத்துக்கு வந்த பிறகுதான், அங்கே யாரும் இல்லை என்பது அவன் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. கையைக் கீழே போட்டுக் கொண்டு திரும்பிவிட்டான்.

பக்கத்திலிருந்த பிஸிகல் டைரக்டரிடம் விசாரித்தேன். பையன் வட சென்னையைச் சேர்ந்தவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜில் இடம் கிடைத்தது. தகப்பனார் மூட்டை தூக்குகிறவர். "இவன் வகுப்புப் பசங்களுக்கு இவன் ஆடறான்னே தெரியாது ஸார்" என்றார்.

இந்த வார்த்தைதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

மாணவர்கள் ஏன் மாட்சுக்கு வருவதில்லை என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "எல்லாம் இந்தப் போனால் வந்த வினை!" 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தபோதும் இதே மாதிரிதான் சொன்னார்கள். குற்றவாளியைப் பிடித்துவிட்டால் விசாரணையை மூடிவிடலாம் என்ற சௌகரியம்! போன்தான் காரணமென்றால் சேப்பாக்கத்துக்கு என்ன பதில்? 2008-லிருந்து ஐ.பி.எல். பந்தயங்கள் நடக்கின்றன. ஒவ்வொரு பந்தயமும் கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகிறது. இருந்தும் அதே மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து, மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக் கொண்டு, முகத்தில் சாயம் பூசிக் கொண்டு போகிறார்கள். அதே சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் நடந்தால், காசு கேட்காமல் உள்ளே விட்டாலும் காக்கைதான் உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் 1934 நவம்பரில் முதன் முதல் ரஞ்சி ஆட்டம் நடந்ததே அந்த மைதானத்தில்தான்!

போக்குவரத்துக் கஷ்டம் என்றும் சொல்வதற்கில்லை. 2004-க்கு முன் அடையாற்றுக்காரர்கள் சேப்பாக்கம் போவதென்றால் பஸ்ஸில் தொங்க வேண்டும். இப்போது இந்திரா நகரில் பறக்கும் ரயில் ஏறினால், மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் ஜன்னல் வழியாகப் பார்த்து முடிப்பதற்குள் சேப்பாக்கம் வந்துவிடும்.

ஆக, பையன்களுக்குக் கூட்டத்தில் சேரவும் பிடித்திருக்கிறது, கத்தவும் பிடித்திருக்கிறது. யாருக்காகக் கத்துவது என்பதுதான் மாறிப் போய்விட்டது.

அந்த நாளில் சென்னைக் காலேஜ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரஸிடென்ஸி, பச்சையப்பன், 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபோன கிறிஸ்துவக் காலேஜ், 1925-ல் தொடங்கிய லயோலா, 1946-ல் பிறந்த விவேகானந்தா, கிண்டி இஞ்சினீயரிங், லா, மெடிகல், இன்னும் சில. ஒரே குடும்பத்தில் அத்தை பிள்ளை லயோலாவாகவும் சித்தப்பா பிள்ளை பச்சையப்பனாகவும் இருப்பார்கள். மாட்ச் நடந்த அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு மாட்ச் நடக்கும். எதிரி யார் என்று தெரிந்தால்தானே ஜயித்ததில் ருசி! இன்றைக்குச் சென்னையையும் அதைச் சுற்றியும் நூற்றுக்கணக்கான காலேஜ்கள். எதிர்க் கோஷ்டியின் காலேஜ் எந்தத் திசையில் இருக்கிறதென்பதே மாணவர்களுக்குத் தெரியாது. தெரியாத ஊர்க்காரனிடம் எப்படிப் பகைத்துக் கொள்வது?

தவிர, நாளைக்குப் பெரிய பெயர் எடுக்கப் போகிறவரை இன்றைக்கு மரத்தடியில் இலவசமாகப் பார்க்கலாம் என்ற ஆசையும் ஒன்று உண்டு. வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் படித்தவர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள எஸ்.எஸ்.என். காலேஜில் படித்தவர் அஸ்வின். காலேஜிலிருந்து ஆட்டக்காரர்கள் வருவது நின்றுவிடவில்லை. அவர்களைப் பார்ப்பதற்கு வகுப்பிலிருந்து மைதானத்துக்கு நடந்து போகிற வழிதான் அடைபட்டுப் போயிருக்கிறது.

அது எப்படி அடைபட்டது? காலத்தால்தான். பல காலேஜ்களில் இப்போது 'ஷிப்ட்' முறை. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். காலை ஷிப்ட் பையன் ஒன்றரை மணிக்கு வெளியே வந்தால் நேரே வேலைக்குப் போகிறான். துணிக்கடை, கூரியர், வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டு கொடுக்கிற வேலை. ஃபீஸ் கட்ட வேண்டுமே! அவனைப் பார்த்து, "மாட்சுக்கு வரவில்லையா?" என்று கேட்க எனக்கு வாய் வராது. மத்தியான ஷிப்ட் பையனுக்கோ மூன்று மணிக்கு மாட்ச் ஆரம்பமாகும்போது வகுப்பு. வருகைப் பதிவு 75 சதவிகிதம் இல்லாவிட்டால் பரீக்ஷை எழுத முடியாது. வருஷத்துக்கு ஒரு பரீக்ஷை என்பது போய், ஆறு மாதத்துக்கு ஒரு செமஸ்டர். அதற்கு நடுவில் 'இண்டர்னல்' என்று குட்டிப் பரீக்ஷைகள். இஞ்சினீயரிங் மாணவர்கள் கதை தனி. காலேஜ் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கிறது. காலேஜ் பஸ்ஸோ மணி அடித்தால் கிளம்பிவிடும். மாட்சின் இரண்டாவது பாதியைப் பார்க்க ஆசைப்பட்டால் அடையாற்றுக்கு வந்து சேர ராத்திரியாகிவிடும்.

இவை எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். யாரும் உரக்கச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. காலேஜ் நிர்வாகங்களுக்குக் கூட்டத்தைக் கண்டால் பயம்.

பயப்படுவதும் நியாயந்தான். 'பஸ் டே' என்று சொல்லிக் கொண்டு பஸ் கூரை மேல் ஏறுகிறார்கள். 2019 ஜூனில் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியைத் தேசமே பார்த்தது. ஒவ்வொரு பஸ் தடத்துக்கும் ஒரு தலைவன். 'ரூட் தல' என்று பட்டம். இந்தத் தடத்துக்கும் அந்தத் தடத்துக்கும், இந்தக் காலேஜுக்கும் அந்தக் காலேஜுக்கும் தீராத பகை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட பிரஸிடென்ஸி காலேஜ் மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். கைதானவர்கள் இன்னொரு காலேஜ் மாணவர்கள். இரண்டு பக்கமும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். முதன் முதலாகக் காலேஜ் படி மிதித்த குடும்பங்கள் அவற்றில் எத்தனையோ!

இதையெல்லாம் பார்த்த பிறகு எந்தப் பிரின்ஸிபால், "இரண்டாயிரம் பேர் மைதானத்துக்கு வாருங்கள்" என்று அழைப்பார்? ஆகவே மாட்சை வார நாளில், யாருக்கும் தூரமான மைதானத்தில், சத்தம் போடாமல் நடத்தி முடித்துவிடுகிறார்கள். நோட்டீஸ் பலகையில் கூட விஷயம் வருவதில்லை. ஜயித்தால் கோப்பை பிரின்ஸிபால் அறை அலமாரிக்குப் போய்விடுகிறது.

அந்தக் காலத்து மாட்சுகளில் எல்லோரும் சாதுக்களாக உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கல்லெறி உண்டு, ரெபரியைத் துரத்தினதும் உண்டு. மாட்ச் நடத்தினால் வெட்டுக் குத்து நின்றுவிடும் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் 'என் காலேஜ்' என்று மார்தட்டிக் கொள்கிற ஆசை இருபது வயசில் எங்கேயாவது வெளிவரத்தான் செய்யும். மைதானத்தில் அதற்கு ஒரு கோடு உண்டு, ஒரு கடிகாரம் உண்டு, விசில் ஊதினால் முடிந்துவிடும். பஸ்ஸின் கூரை மேல் விசில் ஊத யார் இருக்கிறார்கள்?

எங்கள் பேட்டையிலேயே இதற்கு ஒரு மாற்றுச் சாக்ஷி இருக்கிறது. 1959-ல் கிண்டிக் காட்டுக்குள் அமைந்த ஐ.ஐ.டி.யில் விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர். காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி என்று பாரத தேசத்தின் தண்ணீர் முழுவதும் அங்கேதான். விடுதிகளுக்குள் 'ஷ்ரோட்டர்' என்று ஒரு விளையாட்டுப் போட்டி நடக்கிறது. எதிர் வீட்டுப் பையன் அங்கே படிக்கிறான். "நீ ஆடுவியாப்பா?" என்றேன். "நான் எங்கே அங்கிள்! கத்தத்தான் போவேன்" என்றான். பரீக்ஷைக் கவலை அவனுக்குக் குறைவா? போன்தான் அவனிடம் இல்லையா? ஆனால் ஆடுகிறவன் பக்கத்து அறைக்காரன். காலையில் பல் தேய்க்கும்போது பார்த்த முகம். மைதானம் அறையிலிருந்து நடக்கிற தூரம். ராத்திரி சாப்பாட்டின்போது, "நீ ஏன் வரவில்லை?" என்று அவன் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அலபாமாவின் செயலியால் முடியாததை இந்தக் கேள்வி செய்துவிடுகிறது.

பகலில் வந்து போகிற மாணவர்களுக்கு விடுதி இல்லைதான். இருந்தாலும் சில காரியங்கள் செய்யலாம். வருஷத்தில் ஒரு மாட்சுக்கு மட்டுமாவது அரை நாள் விடுமுறை விட்டு, மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு அன்று 'பிரஸண்ட்' போடட்டும். காலேஜ் பஸ்ஸை அன்று ஆறு மணிக்கு எடுக்கட்டும். நோட்டீஸ் பலகையில் கோஷ்டியின் படத்தை ஒட்டி, எந்த வகுப்பு என்று ஒவ்வொருவர் பெயரின் கீழும் எழுதட்டும். இதற்குச் செலவு ஒரு பசை டப்பா.

பையன்களைப் பற்றியே பேசிக் கொண்டிருக்கிறேன். எங்கள் அடுக்கு வீட்டில் கீழ்த் தளத்தில் இருக்கிற பெண் காலேஜுக்கு ஹாக்கி ஆடுகிறாள். காலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டால், எங்களுக்கெல்லாம் அதுதான் சுப்ரபாதம். மூன்று வருஷமாக ஆடுகிறாள்; அவள் அம்மா ஒரு மாட்ச் கூடப் பார்த்ததில்லை. சமீபத்தில், "நான் வரட்டுமாடி?" என்று கேட்டிருக்கிறாள். "வேண்டாம்மா! அங்கே யாருமே இருக்க மாட்டாங்க. நீ மட்டும் தனியா உட்கார்ந்துண்டு கை தட்டினா எனக்கு வெட்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டாளாம் பெண்.

அந்த அம்மாள் நேற்று மாடி ஏறி வந்து என்னிடம் கேட்டாள்: "எத்தனை பேர் போனா வெட்கமா இருக்காது, சொல்லுங்கோ?"

நானும் என் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எதிர் வீட்டுப் பையனைக் கத்துவதற்காகவே சேர்த்துக் கொண்டோம். எங்கள் கட்டடத்தில் மட்டும் 11 பேர் தேறுகிறோம். மாட்ச் வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு.