அலகு சிவந்த கதை

ஒரு மாலை ஏரிக் கரையில் நின்றுகொண்டிருந்தோம். அருகே ஒரு சிறுவன் தன் தகப்பனாரைக் கேட்டான்: "அப்பா, அந்தப் பெரிய கொக்குக்கு மூக்கு மஞ்சளாயிருக்கிறது, பக்கத்தில் நிற்பதற்குக் கறுப்பாயிருக்கிறதே, ஏன்?"

"கறுத்தது கிழக் கொக்கடா!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் அவர்.

உண்மை இதற்கு நேர் விரோதம். பெரிய வெள்ளைக் கொக்குக்குச் சாதாரண நாட்களில் அலகு மஞ்சள்; கூடு கட்டும் பருவத்தில் அது கறுத்துவிடும். கறுத்த மூக்குக்காரர் கிழவரல்லர். கல்யாணக் கோலத்தில் நிற்பவர்! மாடுகளின் பின்னே திரியும் உண்ணிக் கொக்குக்கோ, அதே பருவத்தில் மஞ்சள் அலகு சிவந்துவிடுகிறது.

பருவம் மட்டுமன்று, உண்ணும் உணவும் அலகில் நிறமாக ஏறுவதுண்டு. சத்திமுற்றப் புலவர் தூது விட்ட செங்கால் நாரையை அறியாத தமிழர் யார்? அப்பெயரால் நாம் இன்று அழைக்கும் நாரை ஐரோப்பாவில் வீட்டுக் கூரைமேலும் கூடு கட்டும். குஞ்சுப் பருவத்தில் அதன் அலகு கறுத்து மங்கியிருக்கும். வளர்ந்த பிறகே நன்றாகச் சிவக்கும். ஆனால் ஸ்பெயின் தேசத்தின் தென்மேற்கே, கூட்டை விட்டு இறங்காத குஞ்சுகளுக்கே அலகு செக்கச் செவேலென்றிருக்கக் கண்டார்கள். நோயோ? புது ஜாதியோ?

இரண்டுமல்ல, சாப்பாடுதான் காரணம். அமெரிக்காவின் தென்பகுதிக்கு உரிய சிவப்புச் சேற்று இறாலை, வியாபாரத்தை உத்தேசித்து, 1974-ல் குவாதல்கிவீர் ஆற்றுச் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அது பல்கிப் பெருகிற்று. நாரைகள் அதைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ஊட்டின. இறாலிலுள்ள 'அஸ்டாஸாந்தின்' என்னும் நிறப்பொருள் குஞ்சுகளின் உடலில் சேர்ந்து அலகில் ஏறிவிட்டது. 2000-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை விளக்கிற்று.

நாரைக்கு நல்ல விருந்துதானே என்பீர்கள். ஆம், நாரைக்கு விருந்துதான். ஆனால் அதே இறால் நீர்ச் செடிகளை மேய்ந்தது; தவளைக் குலத்தை வாட்டிற்று; நெல் வயல் வரப்புகளைத் துளைத்தது. மனிதன் ஒரு நாளில் தண்ணீரில் விட்டதை மீண்டும் அள்ளி எடுக்க முடியவில்லை. அந்தச் சங்கதியைத்தான் நாரைக் குஞ்சின் அலகு சிவப்பு மையில் எழுதிக் காட்டிற்று.

ஆதலால், அலகு மாறிய பறவையைக் கண்டால் "அபூர்வ ஜாதி" என்று குதிக்கவும் வேண்டாம். "கிழம்" என்று தள்ளவும் வேண்டாம். என்ன வயது, என்ன பருவம், என்ன இரை என்று விசாரிப்போம். சிறுவன் கேட்டது நல்ல கேள்வி. பதில்தான் சற்று அவசரப்பட்டுவிட்டது.