குஞ்சை எப்போது வாங்கலாம்?

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட காக்கட்டீல் கிளிகள் இன்று ஐரோலியின் அடுக்குமாடி வீடுகளிலும் வளர்க்கப்படுகின்றன. கையால் ஊட்டினால்தான் நன்கு பழகும் என்று எண்ணி, இறகு முளைக்காத குஞ்சையே வாங்குவோர் உளர். இது முறையன்று.

காக்கட்டீல் இனத்தில் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கின்றன, இரண்டும் இரையூட்டுகின்றன. அப்பணியை மனிதர் ஏற்பது எளிதன்று. கூழ் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருத்தல் வேண்டும். சூடு மிகுந்தால் குஞ்சின் தீனிப்பை வெந்துவிடும். குறைந்தால் செரிமானம் தடைப்படும். விரைந்து ஊட்டினால் கூழ் மூச்சுக்குழலில் புகுந்து உயிரைப் பறிக்கும்.

பெற்றோரை இழந்த குஞ்சுக்கு ஊட்டியே ஆகவேண்டும். அப்போது ஊட்டும் கையோடு தராசும் தேவை. நாள்தோறும் காலையில், முதல் இரைக்கு முன், எடை பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும். பொரிக்கும்போது 5 கிராம் அளவே உள்ள குஞ்சு, வளர்ந்தபின் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். தானே உண்ணக் கற்கும் பருவத்திற்கு முன் எடை குறைந்தால், உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

பெற்றோரிடம் வளர்ந்த பறவையும் பொறுமையோடு அணுகினால் பழகும். ஆகவே, தானே உண்ணக் கற்றபின் வாங்குவதே உண்மையான அன்பு.