குழந்தைக்குப் பிறந்த நாள், அப்பாவுக்குக் கடனா?

குழந்தைக்கு முதல் பிறந்த நாள் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்பாவுக்கு மட்டும் இரவில் தூக்கம் இல்லை!

காரணம், பணம்.

இது எல்லா ஊர்களிலும் நடக்கிற கதைதான். மங்கலம்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே உள்ள ஊர். பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போனது. பொம்மையும் அகல் விளக்கும் அங்கே சூளையில் வேகின்றன. சுற்றிலும் வயல், முந்திரித் தோப்பு. அன்றன்று வேலை செய்து, அன்றன்று கூலி வாங்கி வாழும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய.

அப்படி ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பேச்சு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏங்க, எதிர்வீட்டுல பொண்ணுக்கு மண்டபம் புடிச்சு செஞ்சாங்க. நாம வீட்டுலயே செஞ்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்கிறாள் மனைவி.

“செஞ்சிடலாம், விடு” என்கிறான் கணவன்.

“செஞ்சிடலாம்” என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. அதன் விலை என்ன?

கணக்கைப் பாருங்கள்

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறைக்காக ஒரு பட்டியல்.

150 பேருக்குப் பிரியாணி. இலை 150 ரூபாய் என்றால் 22,500 ரூபாய். மண்டபத்துக்கு 3,000. இரண்டு கிலோ கேக் 1,600. பலூன் வளைவு, மேடை அலங்காரம் 4,000. போட்டோ, வீடியோ 5,000. பேனர் 800. குழந்தைக்கு உடை 1,500. வருகிற பிள்ளைகள் 60 பேருக்கு ஆளுக்கு 30 ரூபாயில் ஒரு பொருள், அது 1,800.

மொத்தம் 40,200 ரூபாய்!

இதில் ஆட்டோ வாடகை இல்லை. தண்ணீர் கேன் இல்லை. கடைசி நேரத்தில் மாமியார் நினைவுபடுத்துகிற தாம்பூலப் பையும் இல்லை.

இந்த 40,200 ரூபாயை வேறு ஓர் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2025-26 ஆம் ஆண்டுக்கு, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு காசு குறையாமல் கூலியும் கிடைத்தால் 33,600 ரூபாய். அதாவது, மண்வெட்டி பிடித்து நூறு நாள் உழைத்தாலும் அந்த ஒரு மாலை நேரத்துச் செலவுக்குப் போதாது. இன்னும் 20 நாள் உழைக்க வேண்டும்!

கையில் 10,200 ரூபாய் இருக்கிறது. மீதி 30,000 ரூபாய்க்குக் கடன் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதம் 900 ரூபாய். ஆண்டுக்கு 10,800 ரூபாய். குழந்தைக்கு இரண்டாவது பிறந்த நாள் வந்துவிடும். முதல் பிறந்த நாளின் அசல் 30,000 ரூபாய் அப்படியே நிற்கும்!

இதுவும் நல்ல இடத்தில் வாங்கினால்தான். அவசரத்தில் கை நீட்டும் இடங்களில் ஐந்து வட்டி, பத்து வட்டி உண்டு. 2003இல் தமிழ்நாட்டில் கந்து வட்டியைத் தடுக்கச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதற்குள் அடக்கம். கடன் வசூலிக்க மிரட்டுவதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டங்கள் வேண்டியவைதான். ஆனால் ஒரு கேக்குக்காகச் சட்டத்தின் உதவியைத் தேடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்?

மொய் வருமானமா?

“மொய் வரும். அதில் கடனை அடைத்துவிடலாம்” என்பார்கள் சிலர்.

வரும். ஆனால் அது வருமானம் அல்ல.

மொய் நோட்டைத் திறந்து பாருங்கள். பெயர், ஊர், தொகை மூன்றும் எழுதியிருக்கும். தானமாக வந்த பணத்துக்கு இத்தனை கணக்கு எதற்கு? திருப்பித் தர வேண்டியது என்பதால்தான். மொய் என்பது வட்டியில்லாக் கடன். 60 வீட்டார் ஆளுக்கு 200 ரூபாய் எழுதினால் 12,000 ரூபாய் கைக்கு வரும். அதோடு 60 வீட்டு விசேஷங்களும் கணக்கில் ஏறிவிடும். அந்தப் பத்திரிகைகள் எந்த மாதம் வரும் என்று யாருக்குத் தெரியும்? வைகாசியில் ஒரே வாரத்தில் ஐந்து வந்தால்?

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் மொய் விருந்து என்றே ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணம் வேண்டாம், காது குத்து வேண்டாம். ஆடி மாதத்தில் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, கறி விருந்து வைத்து மொய் வாங்குவார்கள். அந்தப் பணத்தில் தொழில் தொடங்கியவர்கள் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தது. 2020இல் கொரோனா வந்தது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய முடியாமல் பலர் தவித்தார்கள். மொய்யை முதலாகப் போட்டுத் தொழில் செய்தவர்களுக்கே இந்தக் கதி. மொய்யை நம்பிப் பலூன் கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டாமா?

குழந்தை அழுகிறது!

இத்தனை செலவும் யாருக்காக? குழந்தைக்காக என்கிறார்கள். குழந்தையைப் பாருங்கள்.

மாலை ஆறு மணி. மூன்று மாதக் கோடை வெயில் சுவரிலிருந்து இன்னும் இறங்கவில்லை. ஜரிகை வைத்த கவுன் கழுத்தை அறுக்கிறது. ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது. பழகாத முகங்கள் நூறு. ஆளுக்கு ஆள் தூக்குகிறார்கள். கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். போட்டோக்காரர், “இந்தப் பக்கம் பாரு, கண்ணு” என்று விளக்கை முகத்தில் அடிக்கிறார். தூங்குகிற நேரம் தவறிவிட்டது. பால் குடிக்கிற நேரமும் தவறிவிட்டது. குழந்தை வீறிட்டு அழுகிறது. அம்மாவின் தோளை விட்டு இறங்க மறுக்கிறது. கேக்கை வெட்டுவது அப்பா!

மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலோருக்குப் பின்னாளில் நினைவில் நிற்பதில்லை. இது மனநூல் ஆராய்ச்சியாளர்கள் பலமுறை கண்டறிந்தது. ஆகவே முதல் பிறந்த நாள் விருந்து குழந்தையின் நினைவில் இருக்கப்போவதில்லை. அப்பாவின் நினைவில் இருக்கும். வட்டி கட்டும் ஒவ்வொரு மாதமும் இருக்கும்!

நாலு, ஐந்து வயதுப் பிள்ளையின் கதை வேறு. அதற்குப் பிறந்த நாள் என்றால் என்ன என்று தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கலர் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு பொட்டலம் மிட்டாயை வகுப்பு முழுக்கக் கொடுக்க வேண்டும். உயிர்த் தோழனுக்கு மட்டும் இரண்டு! அதற்கு வேண்டியது அவ்வளவுதான். மேடையும் பேனரும் பெரியவர்கள் கண்டுபிடித்தவை.

சொல்லப்போனால், இந்தக் கொண்டாட்டமே நம் வீடுகளில் பழையது அல்ல. தாத்தா பாட்டி பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது. “பெரிய புயல் அடிச்ச வருஷம்” என்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதே பிறந்த தேதி. தேதி தெரிந்த வீடுகளிலும் நட்சத்திரம் பார்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, கோயிலில் அர்ச்சனை செய்து, பாயசம் வைத்தார்கள். கேக்கும் மெழுகுவத்தியும் பின்னால் வந்தன. வந்ததில் தவறு இல்லை. மெழுகுவத்தி ஊதினால் பிள்ளைக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு அரைக்கிலோ கேக் போதும்.

சட்டம் போட்ட நாடு

மத்திய ஆசியாவில் தஜிகிஸ்தான் என்று ஒரு நாடு. ஏழை நாடு. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் கடன் வாங்கி மக்கள் நொடிந்துபோவதைப் பார்த்த அரசு, 2007இல் ஒரு சட்டம் போட்டது. விருந்துக்கு இத்தனை பேர்தான் வரலாம். பிறந்த நாளைக் குடும்பத்துக்குள்தான் கொண்டாட வேண்டும்! நண்பர்களோடு பிறந்த நாள் கொண்டாடியதற்காக ஒருவருக்கு அங்கே அபராதமே விதித்தார்கள்.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் வேண்டாம். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற வேலை போலீசுக்கு எதற்கு? ஆனால் அந்த நாட்டுக்கு அந்த யோசனை ஏன் வந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். அங்கேயும் “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்ற பயம்தான்.

அந்த நாலு பேர் யார்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர் யார்? பிரசவ நேரத்தில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் யார்? தாத்தா, பாட்டி, மாமன், அத்தை, அடுத்த வீட்டு அக்கா, குழந்தையோடு விளையாடுகிற பிள்ளைகள். பட்டியல் 25 பேரைத் தாண்டாது. அழைக்க வேண்டியவர்கள் அவர்களே.

தொகை முதலில்

பலர் முதலில் ஆட்களை அழைக்கிறார்கள். பிறகு செலவைக் கூட்டுகிறார்கள். கடைசியில் பணம் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். முதலில் கையில் உள்ள தொகை. அந்தத் தொகைக்குள் எத்தனை பேர். அத்தனை பேருக்கு என்ன சாப்பாடு. விருந்துச் செலவை ஏற்றுவதும் இறக்குவதும் ஆட்களின் எண்ணிக்கைதான். மேலே சொன்ன பட்டியலில் பாதிக்கு மேல் பிரியாணி என்பதைக் கவனியுங்கள். பலூனைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண் வேலை.

25 பேருக்கு வீட்டிலேயே சமைத்தால்? அதே முறையில் ஒரு கணக்கு. கோழி பிரியாணிக்குச் சாமான் 2,500 ரூபாய். கேசரிக்கு 400. குழந்தைக்குப் பருத்தி உடை 700. அரைக்கிலோ கேக் 400. 12 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 30 ரூபாயில் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையோ, கலர் பென்சிலோ 360. பலூன், காகிதத் தோரணம் 190. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு இனிப்பு 200. அர்ச்சனை 100. மற்ற மதத்தார் தங்கள் வழக்கத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் எடுத்த படங்களில் நல்லதாகப் பத்தை அச்சிட 150. எதிர்பாராத செலவுக்கு 500. இந்த 500ஐ விட்டுவிடாதீர்கள். எரிவாயு அன்றைக்குத்தான் தீரும்!

மொத்தம் 5,500 ரூபாய். பெரிய விருந்துக் கடனின் ஓராண்டு வட்டியில் ஏறக்குறைய இப்படி இரண்டு பிறந்த நாள் கொண்டாடலாம்!

இதற்கும் கடன் வேண்டாம். மாதம் 500 ரூபாய் வீதம் பதினொரு மாதம். நாளைக்கு 17 ரூபாய்கூட ஆகவில்லை. கடையில் ஒரு டீ, ஒரு வடைக் காசு.

மிச்சம் பிடிக்க முடிந்தவர்கள் தபால் நிலையத்துக்குப் போகலாம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு உண்டு. 2015இல் தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். 15 ஆண்டு கட்ட வேண்டும். 21 ஆண்டில் முதிரும். பதினெட்டு வயதில் மேற்படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம். வட்டியை அரசு அவ்வப்போது மாற்றும். 2024-25இல் அது 8.2 சதவீதம். எட்டு சதவீதத்தில் பணம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டில் இரண்டு மடங்காகும்; பதினெட்டு ஆண்டில் நான்கு மடங்காகும். ஒரு விருந்தில் போகிற பத்தாயிரம், கல்லூரி வாசலில் நாற்பதாயிரமாக நிற்கும்.

பலூன் ஜாக்கிரதை

செலவோடு சேர்த்து இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஊதாத பலூனும், வெடித்த பலூன் துண்டும் சிறு பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும். உடைந்ததும் பொறுக்கிவிட வேண்டும். முழு வேர்க்கடலை, முழு முந்திரி சிறு குழந்தைகள் கையில் வேண்டாம். முந்திரி விளைகிற ஊர்ப்பக்கம் இது. விருந்தாளிகள் அன்பாக வாயில் போட்டுவிடுவார்கள். நுரைப் பனி தெளிக்கிற டப்பாவில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. மெழுகுவத்திப் பக்கத்தில் அதைத் தெளித்தால் என்ன ஆகும்? அதை வாங்கவே வேண்டாம். தெர்மோகோல் தட்டும் பிளாஸ்டிக் கோப்பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டவை. வாழை இலை போடலாம்.

இத்தனைக்கும் பிறகு, “வீட்டோட செஞ்சிட்டீங்களே” என்று ஒரு குரல் கேட்கத்தான் செய்யும். கேட்கட்டும்.

அடுத்த பிறந்த நாளுக்கு இப்போதே சந்தையில் ஒரு மண் உண்டியல் வாங்கி வையுங்கள். சில்லறையைக் குழந்தையின் கையாலேயே போடச் சொல்லுங்கள். பதினொரு மாதம் கழித்துத் திண்ணையில் துணியை விரித்து அதை உடைக்கும்போது, காசு சிதறி ஓடும். குழந்தை கைதட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடும்.