கிலோ கணக்கில் போகும் குரல்கள்: பழைய இசைத்தட்டு தேடுபவர்கள் எதை வாங்க வேண்டும்?

அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் போகும் மின்சார ரயில்கள் கிளம்பும் சென்ட்ரல் புறநகர் நிலையத்துக்கு ‘மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்’ என்று பெயர். தினமும் அங்கே ஏறி இறங்கும் இளைஞர்கள் பலருக்கு இது ஏதோ ஒரு வெள்ளைக்காரர் பெயர், அவ்வளவுதான். 1985 மே 30 அன்று எரிந்துபோகும் வரை அந்த இடத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம், பழைய கேமரா, பழைய கிராமபோன் தட்டு என எது வேண்டுமானாலும் சென்னைக்காரர்கள் முதலில் போய்த் தேடிய இடம் அது. தீக்குப் பிறகு கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு நகர்ந்தன.

இப்போது அந்தத் தேடல் திரும்ப வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022ல் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சிடிக்கள் 3.3 கோடிதான். எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை. அந்த அலை இங்கேயும் அடிக்கிறது. ஐடி வேலை, வாடகை வீடு, மேஜை மேல் ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயர், ஞாயிற்றுக்கிழமை பழைய தட்டு வேட்டை. நல்ல பொழுதுபோக்கு. ஆனால் வேட்டைக்குப் போகிறவர்கள் எதை எடுக்கிறார்கள், எதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதில்தான் ஒரு பிரச்சினை இருக்கிறது.

பரண் காலியாகும் காலம்

லண்டனில் வினைல் தேடுபவர்கள் ஆக்ஸ்ஃபாம் மாதிரி தொண்டு நிறுவனக் கடைகளுக்குப் போவார்கள். மக்கள் தானமாகக் கொடுத்த பொருளை அங்கே விற்பார்கள். நம்மூரில் அந்த வேலையைச் செய்வது பழைய பேப்பர் கடையும் காயலாங்கடையும்தான். தானம் கிடையாது, தராசு உண்டு.

சென்னையின் மேற்குப் புறநகர் இதற்கு ஏன் முக்கியம்? அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949ல் வந்தது. பிறகு டன்லப், அடுத்து தொழிற்பேட்டை. ஆவடியில் 1960களில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. மாதச் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொரட்டூர், திருமுல்லைவாயல் பக்கம் மனை வாங்கி வீடு கட்டின. ரேடியோவும், கொஞ்சம் வசதி வந்தால் ரெக்கார்டு பிளேயரும் பெருமைக்குரிய பொருளாக இருந்த காலம் அது. ஆவடியில் ராணுவம், விமானப்படை, சிஆர்பிஎஃப் எல்லாம் இருப்பதால் பல மாநிலத்தவர்கள் வந்து தங்கினார்கள். அங்கே ஒரு பழைய கடையில் பஞ்சாபிப் பாட்டோ வங்காள நாடகமோ கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

அந்தத் தலைமுறையின் தனி வீடுகள் இப்போது அடுக்குமாடிகளாக மாறுகின்றன. அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019ல் தனி மாநகராட்சி ஆனது, பட்டாபிராமில் டைடல் பார்க் வந்துவிட்டது, பூந்தமல்லிக்கு மெட்ரோ. மனை விலை ஏற ஏற, வீடு இடிபடும். வீடு இடிபட்டால் முதலில் காலியாவது பரண். பித்தளைக்குத் தனி விலை, இரும்புக்குத் தனி விலை. தட்டுக்கு? “இதெல்லாம் யார் சார் கேட்கப் போறா, பேப்பரோட போடுங்க” என்பதுதான் வழக்கமான பதில். மிச்சம் இருப்பதை வெள்ளம் பார்த்துக்கொள்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. தட்டு நனைந்தால் கழுவலாம், அதன் அட்டை உறை நனைந்தால் பூஞ்சைதான்.

யாருக்கும் வேண்டாத தட்டு

தேடி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே பட்டியல்: இளையராஜா, எம்எஸ்வி, கொஞ்சம் ரஹ்மான். தப்பில்லை. இளையராஜாவின் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ பாட்டிலிருந்து ஒரு துண்டை பிளாக் ஐட் பீஸ் குழு 2003ல் எடுத்துப் பயன்படுத்தியது. ‘தளபதி’ பாட்டிலிருந்து மாயா அருள்பிரகாசம் 2007ல் எடுத்தார். வெளிநாட்டுக்காரர்கள் தேடுகிறார்கள், விலை இருக்கிறது. விலை தெரிந்த கடைக்காரர் அதைக் குப்பையில் போடமாட்டார். அந்தத் தட்டு தானாகப் பிழைத்துக்கொள்ளும். வாங்குவதற்கு ஆள் இல்லாத தட்டுதான் வேட்டைக்காரரை நம்பி இருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது? ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கதை வசன எல்பிக்கள் இருக்கின்றன. வாரியார் சொற்பொழிவு, நாகூர் ஹனீபாவின் கட்சிப் பாட்டும் இஸ்லாமியப் பாட்டும், வில்லுப்பாட்டு, கிறிஸ்தவக் கீர்த்தனை, கல்யாண நாதஸ்வரம், நாடகப் பாட்டு. உறை கிழிந்து, லேபிளில் பேனாவால் யாரோ பெயர் எழுதி, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். இன்ஸ்டாகிராமில் போட்டால் லைக் விழாது.

ஆனால் எஸ்.ஜி.கிட்டப்பாவை நினைத்துப் பார்க்கலாம். தமிழ் நாடக மேடையை ஆட்டிவைத்த அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் 1933ல் இறக்கும்போது 30 வயதுகூட ஆகவில்லை. சினிமாவில் அவர் நடிக்கவே இல்லை. இன்றைக்கு அவர் குரல் ஒருவர் காதில் விழுகிறது என்றால் அதற்கு ஒரே காரணம், அவர் பாடிய கிராமபோன் தட்டுகளை யாரோ உடைக்காமல் வைத்திருந்ததுதான். கோயம்புத்தூர் தாயி இன்னும் முந்தையவர், 1917ல் மறைந்தார். தேவதாசி மரபில் வந்த அவருடைய தட்டுகள் கடல் தாண்டிப் போய், மொரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரை ‘ராகமாலிகா’ என்று ஒரு படைப்பே எழுத வைத்தன. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. படச்சுருளுக்கு நேர்ந்தது தட்டுக்கும் நேராது என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

“யூடியூப்ல எல்லாம் இருக்கே?” என்பது நியாயமான கேள்விதான். பழைய அபூர்வ ஒலிப்பதிவு ஒன்று யூடியூப்பில் இருக்கிறது என்றால், பெரும்பாலும் ஒரு சேகரிப்பாளர் தன் தட்டைச் சுழலவிட்டுப் பதிவேற்றியது அது. யாரும் எடுத்து வைக்காதது அங்கே இருக்காது. இல்லாததைத் தேடல் பெட்டி காட்டாது, அதனால் இல்லை என்பதே தெரியாது.

கண்ணுக்குப் படாத தட்டு என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு உதாரணம் உண்டு. மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1980களின் தொடக்கத்தில் பத்து ராகங்களை சிந்தசைசரில், டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்பி வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2002ல் எடோ பவ்மன் என்ற டச்சு சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு பழைய தட்டுக் கடையில் அதை எடுத்தார். கேட்டவர்களுக்கு அதிர்ச்சி: சிகாகோவில் 1980களின் பிற்பாதியில் பிறந்ததாகச் சொல்லப்படும் ‘ஆசிட் ஹவுஸ்’ இசையின் ஒலி, அதே ரோலண்ட் கருவிகளோடு, சில வருடம் முன்பே இங்கே பதிவாகியிருந்தது. 2010ல் மறுவெளியீடு வந்தது. 70 வயதைத் தாண்டிய சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். டெல்லிக் கடையில் அந்தத் தட்டை எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்!

கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் எடை. கனமாக, தட்டினால் பீங்கான் மாதிரி சத்தம் வந்தால் அது 78 சுழற்சித் தட்டு. அதன் பிசின் அரக்கு. மகாபாரதத்தில் மாளிகை கட்டிய அதே அரக்கு, தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து மரத்துக்குப் பாலிஷ் போடும் அதே அரக்கு. எனவே ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் தட்டின் மேல்பரப்பே கரையும். சானிடைசர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் ஓடும் என்பதால் நீளமான பாட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஜோடித் தட்டு, நாடக செட் என்றால் மற்றதையும் அதே மூட்டையில் தேட வேண்டும். எல்பி, ஈபி எல்லாம் பிளாஸ்டிக். அவை உடையாது, ஆனால் வெயிலில் வளையும்.

இன்னொரு விஷயம், முள். 78 தட்டின் வரிப்பள்ளம் அகலமானது, எல்பி முள் அதில் சரியாக உட்காராது. தனி முள் வேண்டும். சூட்கேஸ் மாதிரி இருக்கும் மலிவு பிளேயர்கள் முள்ளை அழுத்தமாக உட்கார வைக்கும். அபூர்வமான தட்டை அதில் திரும்பத் திரும்ப ஓட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பதுதான்.

ஆங்கிலத் தட்டு என்றால் உடனே தள்ளிவிட வேண்டாம். பிரிட்டனில் 78 தயாரிப்பு 1960களின் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. இந்தியாவில் மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் இருந்ததால், கல்கத்தா டம்டம் தொழிற்சாலை 78 தட்டுகளைத் தொடர்ந்து அச்சிட்டது. அதனால்தான் பீட்டில்ஸ் பாட்டு 78 தட்டில் வந்த வினோதம் இந்தியாவில் நடந்தது. உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் அதற்கு அலைகிறார்கள்.

தட்டை வாங்கியபின் செய்ய வேண்டியது சின்ன வேலை, ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை. இரண்டு பக்க லேபிளையும் போட்டோ எடுப்பது. லேபிளில் உள்ள எண்ணையும், லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் குறிப்பது. எந்த ஊரில், எந்த மாதிரிக் கடையில் கிடைத்தது என்று எழுதுவது. ‘டிஸ்காக்ஸ்’ மாதிரி பயனர்களே உருவாக்கும் தளத்தில் அந்தத் தட்டு இல்லையென்றால் சேர்ப்பது. பதிவேற்ற ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆனால் பாடலுக்கும் மெட்டுக்கும் அதை எழுதியவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் உண்டு. தட்டு பழசு என்பதால் பாட்டு பொதுவாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

பழைய தட்டைச் சூடாக்கி வளைத்து சுவர்க் கடிகாரமாகவும் பூக்கிண்ணமாகவும் மாற்றி விற்பது ஒரு தனி வியாபாரமாகியிருக்கிறது. ‘மறுசுழற்சி’ என்று வேறு அதற்குப் பெயர். கீறல் விழுந்து ஓடவே ஓடாத தட்டு என்றால் சரி. லேபிளைக்கூடப் படிக்காமல் மூட்டையாக வாங்கி வெட்டுவதை அந்தப் பெயரில் அழைப்பது கொஞ்சம் ஓவர்.

இதெல்லாம் தனி ஆட்களால் ஆகிற காரியமா என்று கேட்கலாம். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தனி ஆள் ஒருவரின் சேகரிப்பிலிருந்து 1994ல் உருவானதுதான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் கலைஞராக இருந்த முத்தையா புத்தகங்களோடு நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையும் எடுத்துவைத்தார். இன்றைக்குத் தமிழ் நாடக வரலாறு எழுதுபவர்கள் அந்த நோட்டீஸ்களைத்தான் தேடிப் போகிறார்கள். அந்த நூலகத்தில் கிராமபோன் தட்டுகளும் இருக்கின்றன. வீட்டில் வைக்க இடமில்லை என்று தட்டைக் கழிப்பவர்கள் தராசுக்குப் போகும் முன் அங்கே ஒரு போன் போட்டுக் கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

யாரிடம் கேட்பது?

ஆன்லைன் விற்பனைத் தளங்களில் விலை ஏற்கெனவே ஏறிவிட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் போய்விடலாம்; காலையிலேயே போனால்தான் ஏதாவது மிஞ்சும். ஆனால் புறநகரில் தட்டுகளை மொத்தமாக வைத்திருந்தவர்கள் வீட்டுக்காரர்களோ கடைக்காரர்களோ அல்ல, மைக்செட்காரர்கள். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ‘பிளேட்டு’ போட்டவர்கள் அவர்கள்தான். பாட்டோடு பக்திச் சொற்பொழிவும் கதை வசனமும் கட்சிப் பாட்டும் அவர்களுக்குத் தொழிலுக்குத் தேவைப்பட்டன. கேசட் வந்ததும் பிளேட்டுப் பெட்டிகள் செட் குடோனின் மூலைக்குப் போயின. ‘ரெக்கார்டு டான்ஸ்’ என்ற சொல்லில் மட்டும் அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய தட்டு லேபிளில் பேனாவில் எழுதியிருக்கும் பெயர் பல நேரம் ஒரு சவுண்ட் சர்வீஸின் பெயர்தான்.

தேய்ந்த தட்டுகளாகத்தான் இருக்கும், கரகரக்கும். ஆனால் எந்த விசேஷத்துக்கு எந்தத் தட்டு ஓடியது என்று சொல்வதற்கு அதை ஓட்டியவர் பக்கத்தில் இருப்பார். திருவேற்காடு, மாங்காடு, திருமுல்லைவாயல் பக்கம் தலைமுறையாக இந்தத் தொழில் செய்பவர்களை விசாரித்தால் கிடைப்பார்கள். ஆடி மாதம் போனால் பேசக்கூட நேரம் இருக்காது, அம்மன் கோயில் எல்லாவற்றிலும் செட் கட்டியிருப்பார்கள். புரட்டாசியில் போகலாம். கல்யாணம் இருக்காது, செட்டும் சும்மா கிடக்கும், அண்ணனுக்குப் பெட்டியைத் திறந்து காட்டப் பொழுது இருக்கும்.